ஒன்றாம் எண்

மதியத்துக்காகக் கதவை இறக்கியிருந்த பெயின்ட் கடையில், இடுக்கு வழியே விழுந்த வெயில் கோடுகளும் டர்பன்டைன் நெடியும் மட்டும் அசையும் நேரத்தில், கல்லா மெஷின் தானாக ஒரு ரசீதைத் துப்பியது. தொகை இல்லை. அடியில் தம்பியின் பெயர் மட்டும். தம்பியோ மேலே பரணில்; பலகை வழியே அவன் காலடி தட் தட்டென்று கேட்டது.

கல்லாவில் நின்ற பெரியவன் ரசீதைக் கசக்கி எறிந்தான். பங்காளிக் காய்ச்சலுக்கு எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை கிடையாது. இருபது வருடம் இந்த நெடியில் நின்றவன் இவன். போன மாதம் வந்து உட்கார்ந்தவன் அவன். ஆனால் மெஷினின் அமைப்பை மாற்றும் சாவியை அப்பா அவனிடம்தான் கொடுத்தார். சுண்டுவிரல் நீளச் சாவி. அதற்குள் கடையே அடங்கியிருந்தது. மெஷினில் ஒன்றாம் எண் தம்பி, இரண்டாம் எண் அண்ணன். பெயின்டர்கள்கூட, "சின்னவர் இல்லையாண்ணே? அப்ப அப்புறமா வர்றோம்" என்று வாசலோடு திரும்பினார்கள்.

தம்பியின் சட்டை ஆணியில் தொங்கியது. பையில் சாவி.

போட்டுத் திருப்பினான். பச்சைத் திரையில் ஒன்றாம் எண், தம்பியின் பெயர், ஐந்தே எழுத்து. அழித்தால் இரண்டாம் எண் மேலே ஏறும். அவ்வளவுதானே.

பீப். கடைசி எழுத்து போயிற்று.

"அண்ணே, வெள்ளை எத்தனை டப்பா எறக்கணும்?"

"எல்லாத்தையும் எறக்கு. நீதான மொதலாளி!"

மேலே சிரிப்பு. பீப். சிரிப்பு பாதியில் அறுந்தது. பீப். காலடி ஒன்றுவிட்டு ஒன்றுதான் கேட்டது, ஒற்றைக் காலால் நடப்பதுபோல. பீப். பலகை இடுக்கிலிருந்து உதிர்ந்த தூசி அந்தரத்தில் நின்றது. விரல் நிற்கவில்லை. பீப்.

"டேய்?"

ஆணியில் தொங்கிய சட்டையைக் காணோம்.

ஏணியில் ஏறினான். பரணெங்கும் விரல் கனத்துக்குத் தூசி. ஒரு தடம்கூட இல்லை. மனைவிக்குப் போன் போட்டான்.

"தம்பி அங்க வந்தானா?"

"எந்தத் தம்பி? ஒத்தப் புள்ளையாப் பொறந்துட்டு... வெயில்ல தலை சுத்துதா உங்களுக்கு?"

கீழே, பீப்.

எட்டிப் பார்த்தான். சாவி மெஷினிலேயே இருந்தது. ஒன்றாம் எண்ணில் இப்போது அவன் பெயர், கடைசி எழுத்து இல்லாமல்.

"ஹலோ?" என்றாள் மனைவி. "யாருங்க பேசுறது?"

பீப்.

திரும்பினான். ஏணியிலிருந்து அவன் நின்ற இடம்வரை தூசியில் அவனுடைய தடங்கள். ஏணியோரத் தடம் முதலில் மூடிக்கொண்டது. பிறகு அடுத்தது.

பீப்.

மிஞ்சியது அவன் நின்ற ஒரே சோடித் தடம். அதற்குள்ளும் தூசி மெல்ல ஊறி நிறைந்துகொண்டிருந்தது.