மாடி விஷயம்

அண்ணன் வீட்டில் காலையில் பால் பொங்குவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும். அடுப்பு மேடைக்கு மேலே சுவரில் பதித்த திரையில் ஒரு மணியோசை கேட்கும். பிறகு அகம் என்கிற பொதுவலை தன் குழைந்த குரலில் அன்றைய விடியல் கேள்வியைக் கேட்கும். பதில் சொல்லாவிட்டால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். பஸ்ஸில் கடைசியாக இடம் கிடைக்கும், டாக்டரைப் பார்க்கும் வரிசையில் பின்னால் தள்ளுவார்கள், அவ்வளவுதான். கடை, வங்கி, பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லாமே அகத்துக்குள் அடங்கிவிட்ட காலம். அதனால் எல்லோரும் பல் தேய்ப்பது மாதிரி பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நான் ஈரோட்டுக்கு வந்த மறுநாள் காலையில் வந்த கேள்வி இது: "இலக்கியா தேநீரில் சர்க்கரை சேர்த்துக்கொள்வாரா?"

இலக்கியா நான்தான். அந்தத் திரைக்குக் கீழேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கவின் என் பக்கம் திரும்பாமலே, "ஆமா, ரெண்டு கரண்டி" என்றான். நான் சர்க்கரையை விட்டு வெகுகாலம் ஆகிறது.

என்னையே கேட்டிருக்கலாமே என்றேன். "கேள்வி எனக்குத்தான வந்துச்சு" என்றான். கிண்டல் ஒன்றுமில்லை, அவன் சுபாவமே அப்படித்தான். சொன்ன கையோடு இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீயை என் முன்னால் வைத்தான். நானும் வாயை மூடிக்கொண்டு குடித்தேன். துக்க வீட்டில் சர்க்கரைக்காகச் சண்டை போட முடியாது.

என் அக்கா மகிழ்நிலாவும் மாமாவும் பவானி சாலையில் ஒரே விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்து சாம்பலும் கரைத்தாகிவிட்டது. காரணம், நான் ஒரு விலகி. அகத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் அது. சத்தியமங்கலம் போகும் வழியில், மூடிப்போன ஒரு நூற்பாலையில் நாங்கள் சில குடும்பங்கள் சொந்தமாக ஒரு தனிவலை போட்டுக்கொண்டு வாழ்ந்தோம். எங்கள் கடிதம், எங்கள் படம், எங்கள் பேச்சு எல்லாம் எங்கள் சொந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. வெளியிலிருந்து ஒரு சேதி வரவேண்டுமானால் யாராவது மனுஷராகப் பிறந்தவர் நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். அதில் எங்களுக்குப் பெருமைகூட இருந்தது.

அக்காவின் மகள் ஆதிரைக்கு எட்டு வயது. நான் அழுவதற்காக வரவில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். அக்கா உயிரோடிருந்தபோதே சொல்லியிருக்கிறாள், எனக்கு ஏதாவது ஆனால் பிள்ளை உனக்குத்தான் என்று. அண்ணனுக்குக் கடலில் காற்றாலை வேலை. பாதி மாதம் கரையிலேயே இருக்கமாட்டான்.

ஆதிரை எங்கே என்று கேட்டேன். அண்ணன் டீ தம்ளரைக் கழுவ ஆரம்பித்தான். கழுவிய தம்ளரையே திரும்பவும் கழுவினான்.

"இடைக்கால இல்லத்துல இருக்குது கண்ணு. வேற ஊர்ல ஒரு குடும்பம் பாத்து வெச்சிருக்காங்களாம். உன்னையக் கேட்டாங்க. நீ வேண்டாம்னு சொல்லிட்ட."

"நான் எப்பண்ணா சொன்னேன்?"

"நீ சொல்லல. உன்னோட நிரப்புரு சொல்லிருச்சு."

நிரப்புரு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், எங்கள் ஆலையில் அதைச் சொல்லிச் சிரிப்போம். ஒருத்தர் அகத்தை விட்டுப் போனாலும் அவருடைய அம்மா, அண்ணன், பழைய சிநேகிதி எல்லோரும் உள்ளேயேதான் இருக்கிறார்கள். கோலத்தில் ஒரு புள்ளி அழிந்துபோனால் சுற்றியுள்ள கோடுகளைப் பார்த்து அதை வைத்துவிடலாம் இல்லையா, அந்த மாதிரி அவர்களிடம் தினம் ஒரு கேள்வி கேட்டு, போனவரை வரைந்து வைத்துக்கொள்வார்கள். ஊகச் சம்மதச் சட்டம் வந்தபிறகு அந்தப் படத்துக்கு வாயும் முளைத்துவிட்டது. நிரப்புரு சொன்னால் ஆளே சொன்ன மாதிரி. ஒன்றும் கொடுக்காதவரிடமிருந்து இவர்கள் என்னத்தை எடுத்துவிட முடியும் என்று நாங்கள்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே குழந்தை நல அலுவலகத்துக்குப் போனோம். அலுவலர் சகாயமேரி நல்ல பெண்மணி. அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, திரையை என் பக்கம் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அக்கா வீட்டுக் கூடம். ஆதிரை என்னைப் பார்த்து ஓடி வருகிறாள், நான் அவளைத் தூக்காமல் அறைக்குள் போகிறேன். அவளுடைய கரடி பொம்மையை, அதன் கண்களில் கேமரா இருப்பதால், சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் எல்லோரும் நிற்கிறார்கள், நான் மட்டும் படத்தின் சட்டத்துக்கு வெளியே நழுவுகிறேன். அவள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்ட ஒலி ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அண்ணனிடம் ஒருமுறை விடியல் கேள்வியில், இலக்கியா குழந்தைகளோடு ஒட்டுவாரா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறான், ஒட்டமாட்டாள் என்று. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட ஆள் கிடைக்காததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எங்கள் கூட்டத்தின் பழக்கம் அது. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் சுவருக்குக் காது, பொம்மைக்குக் கண் உண்டு என்பதால் மரம் மாதிரி இருந்துவிட்டு வருவோம். யாரிடம் நமக்குப் பாசம் என்று தெரிந்தால் அதை வைத்தே நம்மை இழுப்பார்கள், அதனால் பாசத்தைத்தான் முதலில் மறைக்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். நான் அதை ஒழுங்காகச் செய்தேன். ஆனால் அக்கா வீட்டுக்கு ஒரு மொட்டை மாடி இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எந்தக் கண்ணும் எட்டாத ஒரு நிழல். என்னுடைய பாசம் முழுவதும் அங்கேதான் செலவானது. அங்கே ஆதிரையைத் தோளில் தூக்கி வைத்து ஆடியிருக்கிறேன். பேன் பார்த்திருக்கிறேன். அவளுக்கு முதல் பல் விழுந்தபோது பக்கத்து வீட்டுக் கூரைமேல் எறிந்தது நாங்கள் இரண்டு பேரும்தான்.

இதையெல்லாம் சகாயமேரியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நம்பறேன்மா. ஆனா மாடியில என்ன நடந்துச்சுன்னு சொல்ல யாரு இருக்கா?"

"ஆதிரையைக் கேளுங்க."

கேட்டாச்சு என்றார். பிறகு வேறொரு பதிவை ஓடவிட்டார். இடைக்கால இல்லத்தின் வண்ணம் அடித்த சுவருக்கு முன்னால் ஆதிரை உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை யாரோ இறுக்கி வாரிவிட்டிருந்தார்கள். சித்தி உன்னோடு விளையாடுவாளா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். உன்னைத் தூக்குவாளா? இல்லை. உனக்குச் சித்தியைப் பிடிக்குமா? அவள் கேமராவை நேராகப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள்.

மாடி விஷயத்தைக் கீழே சொல்லக் கூடாது. அதுதான் எங்கள் விளையாட்டின் விதி. நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், சின்ன விரலைக் கோத்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். அப்பனும் ஆத்தாளும் செத்துப்போய், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பிள்ளை எனக்காகச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் அங்கேயே அந்த மேஜைமேல் தலையை வைத்து அழுதேன். அதுவும் பதிவாகியிருக்கும். நிரப்புருவின் கணக்கில் அது எனக்குச் சாதகமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு வழி உண்டு என்றார் சகாயமேரி. நான் அகத்துக்குள் திரும்பி வந்தால் நிரப்புரு கலைந்துவிடும், என் சொல் என்னுடையதாகும். ஆனால் ஒரு வருஷம் பார்வைக் காலம். வீட்டில் பிள்ளையோடு இருக்கும் நேரமெல்லாம் கேமராவின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். எல்லோரையும் போல விடியல் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொல்வதோடு என் பதில் ஒத்துப்போனால்தான் என் நம்பகம் ஏறும். அது இறங்கினால் பிள்ளை அந்த வெளியூர்க் குடும்பத்துக்குப் போய்விடும்.

நான் யோசிக்கவே இல்லை. சரி என்றேன். கொள்கை என்பதை நம் கையில் பிள்ளை இல்லாதவரைக்கும் தூக்கிச் சுமக்கலாம்.

அகத்தில் சேர்வதற்கு முன் துணிமணி எடுக்க ஆலைக்குப் போனபோது நஸ்ரின்தான் பையைக் கட்டிக்கொடுத்தாள். தனிவலையை முதன்முதலில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நிறுவினோம். அவள் கொள்கைக்காக விலகியவள் இல்லை. ஒருநாள் எலும்பு முறியும்வரை அடித்த புருஷனிடமிருந்து தப்பி வந்தவள். அவன் இன்னும் அகத்துக்குப் பணம் கட்டி அவளைத் தேடிக்கொண்டிருந்தான். முகத்தை மூடிக்கொண்டு போனாலும் நடை, கையசைவு, தும்மல் என்று ஏதாவது ஒரு பழக்கத்தை வைத்துத் தெருக் கேமராக்கள் ஆளைப் பிடித்துவிடும். அதனால் மருந்து வாங்கக்கூட அவள் டவுனுக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பாள்.

"நான் உன் இடத்துல இருந்தாலும் போயிருப்பேன்டி. அழாம போ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டா..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது எப்போதும் போல இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அடித்ததில் முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

ஈரோட்டிலேயே எனக்கு ஒரு வீடு ஒதுக்கினார்கள். ஆதிரை கரடி பொம்மையோடு வந்து இறங்கினாள். வாசலில் நின்று மேலே மூலைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். கேமரா எங்கே இருக்கிறது என்று பார்க்க அவளுக்குப் பழக்கியவளும் நான்தான். நான் மண்டியிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கட்டை மாதிரி விறைப்பாக நின்று என் காதில், "சித்தி, இது கீழே" என்று எச்சரித்தாள்.

மறுநாள் காலையில் பால் வைத்தேன். ஆதிரை மேடையோரம் உட்கார்ந்து பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். மணியோசை கேட்டது.

"நஸ்ரின் சிரிக்கும்போது எந்தக் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்?"

எந்தக் கை என்றுதான் கேட்டது. பொத்திக்கொள்வாள் என்பது வரைக்கும் வேறு யாரோ ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். வேலூரில் இருக்கும் அவளுடைய அம்மாவாக இருக்கலாம், மகள் ஞாபகத்தில் ஆசையாகச் சொல்லியிருப்பாள். வலது என்று பொய் சொல்லலாம். அவளுடைய அம்மாவிடமும் நாளைக்கு இதையே கேட்டால் என் பொய் தெரிந்துவிடும், நம்பகம் இறங்கும். தெரியாது என்றும் சொல்லலாம். இத்தனை வருஷம் கூடவே இருந்தவளுக்குத் தெரியாது என்றால் எந்த மிஷினும் நம்பாது. பால் மேலேறி வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"இடது" என்றேன்.

அகம் நன்றி சொன்னது. அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கை ஒதுக்கியிருப்பதாகவும் சொன்னது.

நஸ்ரினுக்கு எச்சரிக்கை சொல்ல வழியில்லை. நேரில் போனால் போன இடம் பதிவாகும், நானே அவள் புருஷனுக்கு வழிகாட்டியாக ஆகிவிடுவேன். அவள் இனிமேல் தெருவில் சிரிக்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். என் சிநேகிதிக்கு நான் வேண்டிக்கொள்ள இவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

ஆதிரை பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இந்த வீட்டுக்கும் மாடி உண்டு, படிக்கட்டை அவள் வந்த அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

"சித்தி, மாடிக்குப் போலாமா?"

"வேண்டாம் கண்ணு. இங்கயே விளையாடலாம்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கீழே விளையாட முடியாது என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. சுவரைப் பார்க்க அவள் திருப்பி வைத்திருந்த கரடியை எடுத்து, எங்கள் இரண்டு பேரும் தெரியும்படி நேராக உட்கார வைத்தேன். பிறகு அவளைச் சிரிக்கச் சொன்னேன்.