சொல்லாத கலிமா

மத்தியானம் இரண்டு மணிக்கு நானும் மாமி சுராயாவும் புதுக்கோட்டையில் திருச்சி பஸ் ஏறினோம். மாமிக்கு ஜன்னலோரம், எனக்கு வழியோரம். என் புருஷன் கலீமைப் பெற்றவர் என்பதற்காகவாவது அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். வரவில்லை. வாய் ஓயாத மனுஷி. நாங்கள் போய்வந்த கல்யாண வீட்டில் பிரியாணிக்கு உப்புக் குறைவு, பெண் போட்டிருந்தது கவரிங், எனக்கு ஐந்து வருஷமாகப் பிள்ளை இல்லை. எங்கே ஆரம்பித்தாலும் என் வயிற்றில் வந்துதான் முடிப்பார்.

போன லீவில் கலீம் தோஹாவிலிருந்து வந்தபோது இதைச் சொல்லி அழுதேன். அவர் பெட்டியைத் திறந்து ஒரு இயர்போனைக் கொடுத்தார். காதுத் துளைக்குள் செருகுகிற ரகம். மூன்று அளவில் ரப்பர் மூடிகள் இருந்தன.

"பெருச மாட்டிக்க. பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது" என்று சிரித்தார்.

அன்றும் பெரியதைத்தான் மாட்டினேன். பஸ் பாட்டு போனது, ஹாரன் போனது, மாமியும் போனார். நான் எந்தப் பாட்டும் வைக்கவில்லை. அந்த அமைதியே எனக்குப் போதும். கீரனூர் தாண்டியதும் மாமியின் முழங்கை என் விலாவில் இடித்தது. அடுத்த குறையை ஆரம்பிக்கிறார் என்று எரிச்சலாக வந்தது. திரும்பாமல், ரப்பரை விரலால் இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டேன்.

ஏர்போர்ட் ஸ்டாப்பில் கண்டக்டர் என் தோளைத் தட்டினார்.

மாமியின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. கண் மூடவில்லை. ஒரு கை என் புர்காவின் ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தது.

பின் சீட்டுப் பெண் அழுதாள். "உங்க பேரச் சொல்லி எத்தனையோ தடவ கூப்பிட்டாங்க. நீங்க நேராப் பாத்துக்கிட்டே வந்தீங்க. மாமியா மருமக சண்டை போலன்னு நானும் சும்மா இருந்துட்டேங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"கலிமா சொல்லும்மான்னாங்க. அப்படின்னா என்னங்க?"

எங்களில் உயிர் பிரிகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் காதோரமாக, அல்லாஹ் ஒருவனே என்கிற கலிமாவைச் சொல்ல வேண்டும். போகிறவர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போய்ச் சேருவார். பரம விரோதிக்குக்கூட இதை யாரும் மறுக்கமாட்டார்கள். நான் மறுத்திருக்கிறேன்.

மறுநாள் பாலக்கரையில் அடக்கம். கலீமுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடைசியில கலிமா சொன்னாங்களா, இர்பானா?"

"சொன்னாங்க மச்சான். நான் காதுல சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாங்க."

அவர் தேம்பியது கேட்டது. "அது போதும் எனக்கு. புள்ள இல்லன்னு இனிமே ஒன்ன எவனாவது பேசட்டும், பாத்துக்குறேன்."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் புருஷனே கிடைத்தார். அன்றிலிருந்து தினமும் பேசினார், 'தங்கம்' என்று கூப்பிட்டார். உண்மை தெரிந்த அன்று என்னை வீட்டில் வைக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுவாரம், இரவல் வாங்கிய பிரியாணித் தேக்சாவைத் திருப்பிக் கொடுக்கப் புதுக்கோட்டை போய்விட்டுத் திரும்பினேன். அதே மத்தியான பஸ். ஜன்னலோரம் காலி, ஆனாலும் வழியோரமே உட்கார்ந்தேன். முன் சீட்டில் ஒரு குழந்தை வீறிட்டு அழவும் இயர்போனை எடுத்து மாட்டினேன்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு மூச்சுச் சத்தம். இழுத்து, இழுத்து.

என்னுடையதுதான் என்று நினைத்து மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை.

கோடாலித் தைல வாசனை வந்தது. மாமி நெற்றியில் தடவுகிற தைலம்.

"இர்பானா."

இரண்டு காதிலிருந்தும் பிடுங்கினேன். குழந்தை அழுதுகொண்டிருந்தது, பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டில் ஆளில்லை. மறுபடி ஏன் மாட்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"இர்பானா, நெஞ்ச அடைக்குது. கலிமா சொல்லும்மா."

சொன்னேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னேன். பத்துத் தடவை, இருபது தடவை சொன்னேன். கண்டக்டர் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மாமி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்வது எதுவும் அவருக்கு எட்டவில்லை. அன்றைக்கு நான் இருந்த மாதிரி இப்போது அவர் இருந்தார்.

ஏர்போர்ட் ஸ்டாப் வந்ததும் குரல் நின்றது.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே இயர்போனை உய்யகொண்டான் வாய்க்காலில் எறிந்தேன். சாக்கடைத் தண்ணீரில் அது மூழ்கும்வரை நின்று பார்த்தேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் எதுவும் கேட்கவில்லை. விட்டது சனியன் என்றுகூட நினைத்தேன். பெற்ற தாயாக இருந்தால் அப்படி நினைத்திருப்பேனா, தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கலீம் கூப்பிட்டார். தங்கம் என்று ஆரம்பிக்கவில்லை.

"சைட்டுக்குப் போற பஸ்ல ஒரே சத்தம்னு புதுசா ஒரு இயர்போன் வாங்கினேன்."

"நல்லாருக்கா மச்சான்?"

போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"மூணு நாளா அம்மா ஒன்னக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, இர்பானா. பக்கத்துலதான இருந்தே. ஏன் ஒரு தடவகூடத் திரும்பல?"