வெயிட்டிங் சார்ஜ்

“வண்டி ஓடாத நேரத்துக்கு எதுக்கு அண்ணாச்சி காசு?”

விஜயஸ்ரீ இதைக் கேட்டபோது மழை வலுத்துக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையில், பூட்டிக் கிடந்த தன் வீட்டு வாசலில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் டிராலி பெட்டியுமாக நின்றாள். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து அவளை ஏற்றி வந்த டிரைவர் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி அவளைப் பார்த்தான். சின்ன வயசுதான். கண்களில் மட்டும் வயதுக்கு மீறிய நிதானம்...

“வல்லநாட்டுப் பாலத்துகிட்ட, சிக்னல் போயிரும்னு நிறுத்தச் சொன்னது நீங்கதான மேடம்? நாப்பது நிமிசம் போன்ல பேசுனீங்க. அதுக்கு வெயிட்டிங்.”

“சும்மாதான நின்னீங்க?”

“போன்ல நீங்க பேசுனது காதுல விழுந்துச்சு. ‘நிக்கிற நேரமும் வேலை நேரந்தான், அதுக்கும் சம்பளம் வேணும்’னீங்க. சரியாத்தான் சொல்லுதாங்கன்னு நெனச்சேன்.”

சுருக்கென்றது அவளுக்கு.

விஜயஸ்ரீ விமானப் பணிப்பெண். ஏழு வருட சர்வீஸ். கம்பெனியோடு அவர்களுக்கு நடக்கிற சண்டையே இதுதான். கதவை மூடி விமானம் நகர்ந்த பிறகுதான் சம்பளக் கணக்கு ஓடும். அதற்கு முன்னால் எத்தனை பெட்டி தூக்கினாலும், பனியில் கிளம்பாத விமானத்துக்குள் நாலு மணி நேரம் திட்டு வாங்கினாலும், அதெல்லாம் சேர்த்தி இல்லை. ‘விமானம் ஓடவில்லையே, சும்மாதானே நின்றீர்கள்?’ என்று கேட்டது நிர்வாகம். அதே வார்த்தை இப்போது அவள் வாயிலிருந்து! ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி.

தப்பென்று தெரிந்தாலும் ஒத்துக்கொள்ள விட்டால் அது வீம்பா? ஒரு ஐந்நூறு ரூபாயைக் கூடுதலாக வைத்து நீட்டினாள்.

“மிச்சத்த வச்சுக்கோங்க.”

“நின்ன நேரத்துக்கு மட்டும் போதும். கூட வேண்டாம்.”

மிச்சத்தோடு ஒரு ரசீதும் எழுதி அவள் கையில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் யாரும் இல்லை. விளக்கைப் போட்டு, நாற்காலியின் தூசியைத் தட்டி உட்கார்ந்து ரசீதைப் பார்த்தாள். வன்னியராஜ். ஒரு போன் நம்பர். குண்டு குண்டான எழுத்தில் கடைசி வரி: ‘காத்திருப்பு – 40 நிமிடம்.’

எத்தனை ஆயிரம் தடவை தரை இறங்கியிருப்பாள்... வெளியே கம்பிக்குப் பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் எட்டிப் பார்ப்பார்கள். அவளுக்காக ஒருவர் நாற்பது நிமிடம் நின்றதற்கு, இதோ, எழுத்தில் ஆதாரம். காசு கொடுத்து வாங்கியதுதான், இருந்தாலும் கண் கரித்தது.

பெங்களூரிலிருந்து அண்ணன் கணேஷ்ராம் கூப்பிட்டான்.

“ஏட்டி விஜி, கம்பெனி லெட்டர் வந்துட்டா?”

வந்திருந்தது. ‘வேலை நிறுத்தத்தில் கலந்துகொள்ள மாட்டேன்’ என்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களுக்கு வேலை நிச்சயம் இல்லை.

“போட்டு அனுப்பிட்டு சோலியப் பாரு. தனியா இருக்க பொம்பளைக்கு வீம்பு எதுக்கு?”

தனியா... மழையோடு மழையாக அந்த வார்த்தை வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ரசீதிலிருந்த நம்பரை அழைத்தாள். பெயரைச் சொல்ல என்னவோ கூச்சம்.

“நான்... நேத்து... நாப்பது நிமிசம்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “சொல்லுங்க நாப்பது நிமிசம்!”

“பாபநாசம் போவணும். அப்புறம்... நேத்து நான் கேட்டது தப்பு. மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி.”

“மன்னிச்சாச்சு. ஆனா அந்த அண்ணாச்சிய மட்டும் விட்டுருங்க. எனக்கு முப்பத்தொண்ணுதான் ஆவுது.”

“பின்ன எப்படிக் கூப்பிடுததாம்?”

“அவசரமில்ல. பைய யோசிச்சுச் சொல்லுங்க.”

போனை வைத்த பிறகுதான் கவனித்தாள்... கண்ணாடியில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் கதவருகே நின்று சிரிக்கிற அந்தச் சிரிப்பு இல்லை இது.

அன்றைக்கு அம்மாவின் நினைவு நாள். பாபநாசத்தில் படித்துறையில் இறங்கி, அம்மாவுக்குப் பிடித்த பிச்சிப்பூவை ஆற்றில் விட்டாள். படியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. அழுதாள். மழை வந்தது. மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், மேலே கார் பக்கத்தில் தொப்பலாக நனைந்து நின்றுகொண்டிருந்தான் வன்னியராஜ்.

“காருக்குள்ள இருந்திருக்கலாம்லா?”

“ஆத்துல தண்ணி பெருகுது. உள்ள இருந்தா நீங்க இருந்த படி தெரியல.”



திரும்பி வரும்போது கம்பெனி லெட்டரைப் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

“நீங்க ஸ்டிரைக் பண்ணி பிளேன் வரலேன்னா எனக்கும் சவாரி கிடையாது. வாகைக்குளத்துல எல்லா வண்டியும் நிக்க வேண்டியதுதான்.”

“அப்ப, கையெழுத்துப் போடச் சொல்லுதீங்களா?”

“எங்களுக்காவ போட்டுறாதீங்கன்னு சொல்லுதேன். நாங்க ரெண்டு நாளு கஞ்சி குடிச்சுக்கிடுவோம். நீங்க ஆயுசுக்கும் குனிஞ்சுக்கிட்டு இருக்க முடியுமா?”

அண்ணன் சொல்லாததை, யாரோ ஒருவன் சொல்கிறான். யாரோவா? மனம் உடனே சண்டைக்கு வந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள். “மூணு மணி நேரம் நின்னீங்க. ரசீது எழுதுங்க.”

“இன்னைக்கு வெயிட்டிங் கிடையாது.”

“ஏன்? அம்மா இல்லாத பொண்ணு, பாவம்னா? யாரு பரிதாபமும் எனக்கு வேண்டாம்.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“வேலையா நின்னா காசு கேப்பேன் மேடம். நேத்து கேட்டேன்லா? இன்னைக்கு... வேலையா நிக்கல.”

கார் தெரு முனை திரும்பி மறைந்த பிறகுதான் அந்த வார்த்தையின் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. அதற்கு நடுவில் அந்த ‘மேடம்’ வேறு முள்ளாகக் குத்தியது.

வியாழக்கிழமை அவள் கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் ரோஷத்துக்குக் குறைச்சலில்லை. போன் மட்டும் அவள் கையை விட்டு இறங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சென்னையிலிருந்து தோழி ஜெனோ அழைத்தாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேலை நிறுத்தம் தொடங்குகிறது. “வருவியாடி? இல்ல, கையெழுத்தா?”

“மாலை பிளைட்ல வாரேன்” என்றாள் விஜயஸ்ரீ. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இன்னொரு நம்பரை அழுத்தினாள்.

“நாப்பது நிமிசம் பேசுதேன்... ஏர்போர்ட்டுக்குப் போவணும்.”

வந்தான். பெட்டியை எடுத்து வைத்தான். வல்லநாட்டுப் பாலம் வந்தது.

“இங்கன கொஞ்சம் நிறுத்துங்க. அஞ்சு மணி வரைக்கும்.”

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினான். கீழே தாமிரபரணி கரை கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் இறங்கி நின்றாள். கையில் போன். திரையில் அந்தக் கடிதம், அடியில் ‘சம்மதம்’ என்று ஒரு கட்டம். விரல் வைத்தால் போதும்... ஏழு வருட சர்வீஸைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அண்ணன் திட்ட மாட்டான். அவள் பயந்தாள். அவன் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான்.

ஐந்து மணி ஆயிற்று. கட்டம் சாம்பல் நிறமாகி அணைந்தது. அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு பாடு அழுதாள்.

“எத்தன நிமிசம் ஆச்சு?” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“இருவது.”

“நானும் இங்கன இருவது நிமிசம் நின்னேன்லா... நானும் வேலையா நிக்கல.”

அவன் திரும்பிப் பார்த்தான். அந்த நிதானமான கண்கள் முதல் தடவையாகத் தடுமாறின.

“போனா எப்ப வருவேன்னு தெரியல. வேலை இருக்குமான்னும் தெரியல. வெளிய வரும்போது எனக்குன்னு கம்பிகிட்ட யாரும் நின்னதே இல்ல.” அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க நிப்பீங்களா... வன்னியராஜ்?”

அவன் காருக்குள் குனிந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, பானெட்டில் வைத்து எழுதினான். மழைத்துளி விழுந்து மை லேசாகக் கலங்கியது. கிழித்து அவள் கையில் கொடுத்தான்.

அதே குண்டு எழுத்து. தொகை இல்லை. ஒரே ஒரு வரிதான்.

‘காத்திருப்பு – நீ வார வரைக்கும்.’