மூன்றாவது மணி

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கிராணி உடையப்பன் அறைக்குள் வந்தபோது, யாரும் போன் பண்ணாமலேயே கம்ப்யூட்டர் விழித்திருந்தது.

1987. புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் அதற்கென்று தனி அறை, ஏர்கண்டிஷன், பலகை அடித்து மூடிய சன்னல்கள். திறப்பு விழாவில் மேனேஜர் அதற்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, ஸ்விட்ச் எங்கே என்று தெரியாமல் மின்விசிறியைச் சுழலவிட்டுக் கைதட்டல் வாங்கினார். எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். உடையப்பன் மட்டும் சப்பாத்தோடு நின்றான். அவன் இனி கணக்கெழுதும் வெறும் கிராணி இல்லை, கம்ப்யூட்டர் கிராணி.

திங்கட்கிழமை பெரிய முதலாளிகள் வருகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து போன் அடித்தால், தூங்கும் கம்ப்யூட்டர் தானே எழுந்து, விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது யார் வந்தார், யார் வரவில்லை என்ற பட்டியலை அனுப்ப வேண்டும். தலைமை அலுவலக ரமணி முந்தின நாள் வழி சொல்லியிருந்தாள்.

"மூணாவது மணியில அதுவா எழும்பும் அண்ணே. நீங்க எடுத்துடாதீங்க லா. அதுக்கு ஒரு பேரு வைங்க, அந்தப் பேரச் சொல்லித்தான் இங்கருந்து கூப்பிடுவோம். பட்டியல்ல இருக்கிற ஆளு பேரு வேணாம், குழம்பிடும்."

பட்டியலில் இல்லாத பேர் ஒன்று அவனிடம் தயாராக இருந்தது. போன மாதம் அவன் தன் கையால் அடித்து நீக்கிய பேர். அதையே கம்ப்யூட்டருக்கு வைத்தான். வேலம்மா.

பெரட்டில் மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் 'வரல' என்று எழுதுவான். மாதத்தில் மூன்று 'வரல' விழுந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவன் போட்ட சட்டம். காய்ச்சலில் கிடந்த வேலம்மா மூன்றாவது கூப்பாட்டுக்கு ஓடிவந்து, "வந்துட்டேன் ஐயா" என்றாள். பத்து மணிக்கு மரத்தடியில், கவிழ்ந்த ரப்பர் பால்வாளியின் பக்கத்தில் செத்துக் கிடந்தாள்.

தானாக விழித்திருந்த கம்ப்யூட்டரை உடையப்பன் அணைத்தான். வயரைச் சரிபார்த்தான். ஏர்கண்டிஷன் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க, போன் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது மணியில் பெட்டிக்குள் ஏதோ சொடுக்க, திரை பச்சையாக விரிந்து, வேலம்மா என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் 'வந்தாச்சு' குறியைப் போட்டது. வேலை செய்கிறது! திங்கட்கிழமை பூமாலை தனக்குத்தான் என்று அவன் சிரித்தான்.

தலைமை அலுவலகத்தைச் சனிக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடுவார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அந்தக் குளிரில் ஒரு வாடை மெல்லப் பரவியது. புளித்த ரப்பர் பாலின் வாடை. அவன் முதுகுக்குப் பின்னால், வாளியின் கைப்பிடி விழுந்து தட்டுவது போல ஒரு சத்தம்.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

போனை எடுத்தான். உள்ளே கம்ப்யூட்டரின் கிறீச்சொலிதான். எஸ்டேட்டுக்கு இருப்பது ஒரே லைன். அதைப் பிடித்துக்கொண்டிருந்தது அது.

கதவுக்கு ஓடினான். குமிழ் திரும்பவில்லை, கையில் வழுக்கியது. ஈரம். உள்ளங்கை வெள்ளையாக ஒட்டியது.

வெளியே செருப்புச் சத்தம். ஆறு மணிக்குப் பூட்ட வரும் காவல்காரர் சின்னையா. ஆள் இருக்கிறதா என்று மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டச் சொல்லி அவருக்கு உத்தரவு போட்டவனும் உடையப்பன்தான். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அன்றைக்குப் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

"கிராணி ஐயா, இருக்கீங்களா?"

இருக்கேன் என்றான். சத்தம் வரவில்லை.

"கிராணி ஐயா?"

கதவைத் தட்டக் கையைத் தூக்கப் பார்த்தான். கை எழவில்லை. கதவோடு ஒட்டியிருந்தது.

போய்விடாதே. இன்னும் ஒரு தரம். ஒரே தரம்.

"ஐயா?"

மூன்று.

"வரல போல லா," என்று சின்னையா தமக்குள் சொல்லிக்கொள்வது கேட்டது. வெளிக்கதவில் பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் செம்மண் பாதையில் இறங்கித் தேய்ந்தது. திங்கட்கிழமை வரை யாரும் வரமாட்டார்கள்.

திரை அணைந்தது. கழுத்தை மட்டும் திருப்பினான். அந்தக் கறுத்த கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. வாய் தெரியவில்லை. வாய் இருந்த இடத்தில், பின்னாலிருந்து நீண்டு, ரப்பர் பால் காய்ந்து வெளுத்த ஐந்து விரல்கள்.