டங்கன் துரையின் தட்டு

டங்கன் துரை கோல் அடித்தால், மைதானத்துக்குப் போகாதவர்களுக்கும் உடனே தெரிந்துவிடும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஆட்டம் பார்க்க வரும் அழகையா தன் தப்புப் பறையை எடுத்து முழக்குவார். அந்தச் சத்தம் பதுளை பசாரின் கடைசிக் கடைவரை கேட்கும்.

டங்கன் ஸ்கொட்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்தவர். பதுளைக்கு வரப்போகும் ரயில் பாதைக்கு இரும்புப் பாலங்கள் பொருத்துவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இளம்பிறை உதைபந்தாட்டக் கழகத்தின் முன்வரிசையில் நின்று ஆடுவார். கழகத்தில் மற்ற எல்லோரும் பசார்க் கடைகளில் வேலை செய்பவர்கள்.

ஊரார் 'துரை' என்று அழைத்தாலும், அவரிடம் துரைத்தனம் கிடையாது. எதிரணிக்காரர் விழுந்தாலும் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். ஒருமுறை ஆட்டம் முடிந்த பிறகு, சின்னப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு தடவை பந்தை உதைக்கும்வரை அவரே நின்று கோல் காத்தார். ஒரு பந்தைக்கூட அவர் தடுக்கவில்லை. அன்று கோல் அடித்தவர்களில் பத்து வயது ஹம்ஸியாவும் ஒருத்தி.

அப்படிப்பட்ட டங்கன் ஒரு மாதமாகக் கோலே அடிக்கவில்லை. வேகமாக ஓடத் தொடங்குவார். பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

"துரை, பந்து வெளியில இருக்கா, ஒங்க வயித்துக்குள்ள இருக்கான்னே தெரியலீங்க," என்றார் அழகையா. கூட்டம் சிரித்தது. ஹம்ஸியா சிரிக்கவில்லை.

அவளுடைய வாப்பா லத்தீப் துணிக்கடைக்காரர். கழகத்தின் தலைவரும் அவர்தான். வரும் ஞாயிறு பண்டாரவளைக் கழகத்துடன் ஆட்டம் என்றும், அதிலும் டங்கன் கோல் அடிக்காவிட்டால் இனி வேறொருவரைத்தான் சேர்க்கவேண்டும் என்றும் அன்று மாலை வீட்டில் வருத்தத்தோடு சொன்னார். ஒரு மாதமாக ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் விருந்து கொடுத்து இப்படிக் கவனித்தும், மனிதர் ஓடமாட்டேன் என்கிறாரே என்று அவருக்குக் கவலை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவர்கள் வீட்டில் டங்கனுக்கு விருந்து. மேசையில் அவருக்கு மட்டும் பூப்போட்ட பீங்கான் தட்டு. வாப்பா பக்கத்தில் நின்று பரிமாறினார். ஹம்ஸியா நெய்ச்சோறும் கோழிக்கறியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

டங்கன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, "போதுங்க," என்றார்.

வாப்பா சிரித்துக்கொண்டே இன்னும் ஓர் அகப்பை போட்டார். அந்த ஊரில் போதும் என்று சொல்லாத விருந்தாளி யார்? அது வெறும் மரியாதைப் பேச்சு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

டங்கன் அதையும் சாப்பிட்டு முடித்தார். திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "தட்டு காலியா இருக்கு. பார்த்துக்கொண்டு நிக்கிறீங்களே."

இன்னும் ஓர் அகப்பை விழுந்தது. அதற்குப் பிறகு இனிப்புக்கு வட்டிலப்பமும் வந்தது.

கை கழுவத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஹம்ஸியா போனபோது, டங்கன் கிணற்றுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முடியாவிட்டால் ஏன் சாப்பிட்டீர்கள் என்று அவள் கேட்டாள்.

பாலத்து வேலையாட்களிடம் பழகிய தமிழில் அவர் சொன்னார். "எங்க அம்மா சொன்னதுங்க. தட்டுல மிச்சம் வச்சா பாவம். எங்க வீட்டுல புள்ளைங்க நெறைய, சாப்பாடு கொஞ்சம். அதனால நான் காலி பண்றேன். காலி பண்ணினா மறுபடி வருது. ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் ஆடப் போறேன்."

"உம்மாட்ட சொல்லட்டா?"

"வேணாங்க. பாசமா குடுக்கிறாங்க. மனசு நொந்துபோகும்."

ஹம்ஸியா யோசித்தாள். விருந்தாளியின் தட்டு காலியாக இருக்கக்கூடாது என்று உம்மா நினைப்பது நல்லதுதான். உணவை வீணாக்கக்கூடாது என்று அவருடைய அம்மா சொன்னதும் நல்லதுதான். இரண்டு நல்லதும் ஒரே தட்டில் சேர்ந்து, பாவம், அவரை ஓடவிடாமல் செய்துவிட்டன. ஞாயிறு பகல் விருந்தோ இன்னும் பெரியது. பசார் வீடுகள் எல்லாம் சேர்ந்து சமைக்கப்போகின்றன.

சனிக்கிழமை கடைக்குப் போய் வாப்பாவிடம் கேட்டாள். "வாப்பா, டங்கன் துரை மட்டும் ஏன் தனியா மேசையில சாப்பிடுறார்?"

"அவர் விருந்தாளி, மகள்."

"எவ்வளவு காலமா நம்மட கழகத்துக்கு ஆடுறார். இன்னும் விருந்தாளியா? மொஹிதீன் நானாவையெல்லாம் எல்லாரோடயும் ஒரே சஹன்லதானே உக்கார வைக்கிறீங்க."

துணி வெட்டிக்கொண்டிருந்த வாப்பாவின் கத்தரிக்கோல் பாதியில் நின்றது. ஞாயிறு பகல் மேசை வெளியே போய்விட்டது. பாய் விரித்துச் சஹன்கள் வைத்திருந்தார்கள்.

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். டங்கன் தன் நீண்ட கால்களை மடித்து உட்காரப் படாதபாடு பட்டார். அவருடைய முழங்கால் கோல் காப்பாளர் மொஹிதீனின் விலாவில் இடித்தது. மொஹிதீன் அதைக் கவனிக்கவே இல்லை. பந்தைப் பிடிக்கும்போது இல்லாத வேகம் அப்போது அவர் கையில் இருந்தது.

எல்லா வீட்டுச் சோறும் சஹனுக்கு வந்தது. வந்த வேகத்தில் தீர்ந்தது. டங்கன் வேண்டிய அளவு சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்தார். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை. உம்மாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

டங்கன் காலியான சஹனைப் பார்த்தார். பிறகு ஹம்ஸியாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அன்று மைதானத்தில் அவர் இடுப்பைப் பிடிக்கவில்லை. ஓடினார், விழுந்தார், எழுந்து மறுபடி ஓடினார். ஆனாலும் கோல் விழவில்லை. ஹம்ஸியா வாப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடியும் நேரத்தில் மொஹிதீன் ஓங்கி உதைத்த பந்து நடுமைதானத்தில் விழுந்தது. டங்கன் அதை வாங்கிக்கொண்டு ஒருவரைக் கடந்தார். இன்னொருவரையும் கடந்தார். பந்து கோலுக்குள் போனதைப் பலர் பார்க்கவே இல்லை. தப்புச் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு வாப்பா சொன்ன முதல் பெயர் டங்கன். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் அப்படித்தான்.

பதுளைக்கு ரயில் வந்த வருடம், பாலத்து வேலை முடிந்து அவருடைய நாட்டுக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் புறப்பட்டார்கள். டங்கனும் புதிய ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். வழியனுப்ப மட்டும்தான் வந்திருந்தார். ரயில் நகர்ந்ததும், ஆட்டச் சப்பாத்துகளைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தை நோக்கி வேகமாக நடந்தார். அன்று பிற்பகல் இளம்பிறைக்கு ஆட்டம் இருந்தது.