இந்தப் படகுக்கு யார் கேப்டன்?

வாலு ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் உட்கார மாட்டாள். அதனால்தான் வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்று கூப்பிட்டார்கள். ஆனால் அன்று காலை, படகுத்துறையின் மரப்படியில் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தாள். முகம் உம்மென்று இருந்தது.

எல்லாம் அந்தப் புதுப்பையனால் வந்தது.

ஒவ்வொரு வருட விடுமுறைக்கும் மாமா அவளைக் கடற்கரை ஊருக்கு அழைத்துவந்து, படகில் மீன்பிடிக்கக் கூட்டிப்போவார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாமாவும் வாலுவும் மட்டும்தான் போவார்கள். இந்த வருடம் மாமாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் அத்தையும் வந்திருந்தார். அத்தையைப் பற்றி வாலுவுக்கு ஒரு குறையும் இல்லை. வாலு சொல்லும் அறுவை ஜோக்குக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற நல்ல அத்தை. அவரோடு ஒட்டிக்கொண்டு வந்தானே அவருடைய அக்கா மகன், அவன்தான் பிரச்சினை. அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்ல வாலுவுக்கு நாக்கு எழவில்லை. அவளைப் பொறுத்தவரை அவன் புதுப்பையன், அவ்வளவுதான்.

நேற்று ரயிலில் ஜன்னலோர இருக்கை புதுப்பையனுக்குப் போனது. போகட்டும் என்று விட்டாள். இன்று காலை விசில் வைத்த லைஃப் ஜாக்கெட் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் மாமா புதுப்பையனுக்கே மாட்டிவிட்டார். வாலு பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் விட்டாள்.

பிறகு படகில் ஏறும் நேரம் வந்தது. மாமா முதலில் ஏறி, கையை நீட்டி, "வாங்க கேப்டன், பார்த்து ஏறுங்க" என்றார்.

கேப்டன் என்பது வாலுவின் பட்டம். முதன்முதலாகப் படகில் ஏறிய நாளிலிருந்து மாமா அவளை அப்படித்தான் கூப்பிடுவார். வாலு சட்டென்று எழுந்து ஒரு காலைத் தூக்கினாள். மாமாவின் கை அவளைத் தாண்டிப் போய் புதுப்பையனின் கையைப் பிடித்தது.

தூக்கிய காலை எங்கே வைப்பது என்றே வாலுவுக்குத் தெரியவில்லை. வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, மிளகாயைக் கடித்து விழுங்கியதுபோல.

படகை ஓட்டுபவர் ஒரு பெண். படகுக்காரம்மா என்று எல்லோரும் சொன்னார்கள். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதே பெரும்பாடு. காற்று பலமாக இருப்பதால், அலையை மறிக்கக் கடலுக்குள் போட்டிருக்கும் கல் தடுப்பைத் தாண்டிப் போவதில்லை, அவர் திரும்பலாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்ப வேண்டும் என்று மட்டும் சொன்னார். மாமா சிரித்தார். கடல் தனக்குத் தண்ணிபட்ட பாடு என்றார். அத்தை கரையிலேயே இருந்துவிட்டார். எல்லோருடைய செருப்பையும் காவல் காக்க ஆள் வேண்டுமாம்.

படகின் முன்பலகையில் புதுப்பையன் உட்கார்ந்தான். அதுவும் வாலுவின் இடம்தான். இனிமேல் பொறுக்க முடியாது என்று அவள் வாயைத் திறந்தாள்.

"மாமா, அவன் கேப்டன்னா அப்ப நான் யாரு?"

மாமா அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். "சரி, இன்னைக்கு யாரு முதல்ல மீன் பிடிக்கிறாங்களோ அவங்கதான் இந்தப் படகுக்கு கேப்டன். போதுமா?"

வாலுவுக்கு அது போதும். ஆனால் இத்தனை வருடங்களில் அவள் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. இன்று பிடித்தே ஆக வேண்டும்.

அந்தப் படகில் தூண்டில் கம்பு எல்லாம் கிடையாது. காலி பிளாஸ்டிக் பாட்டிலில் மெல்லிய நைலான் நரம்பைச் சுற்றிவைத்திருந்தார்கள். நுனியில் ஒரு முள்ளும் ஓர் ஈயக் குண்டும். முள்ளில் இறால் துண்டைக் குத்தி, பாட்டிலைச் சுழற்றி நரம்பைத் தண்ணீரில் விட வேண்டும். சிவப்பு மூடி போட்ட பாட்டில் வாலுவுக்கு, நீல மூடி புதுப்பையனுக்கு.

நங்கூரம் போட்டும் படகு சும்மா நிற்கவில்லை. காற்று அதைத் தொட்டில்போல ஆட்டியது. முதலில் மாமா, மீன்பிடிப்பது எப்படி என்று நீளமாக விளக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் விளக்கம் சுருங்கியது. பிறகு பேச்சே நின்றுபோனது. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த கரையை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

வாலு அதைக் கவனிக்கவில்லை. புதுப்பையனின் நரம்பு அசைகிறதா என்பதிலேயே அவள் கண் இருந்தது. அவன் தூண்டிலில் மட்டும் எதுவும் மாட்டிவிடக் கூடாது. ஒரு நண்டு வேண்டுமானால் மாட்டட்டும், அதுவும் அவன் விரலைக் கிள்ளுகிற நண்டாக இருந்தால் நல்லது.

காற்று ஏறிக்கொண்டே போனது. ஒரு பெரிய அலை படகைப் பக்கவாட்டில் தள்ளியது. முன்னாலிருந்த புதுப்பையனின் நரம்பு வளைந்து வந்து வாலுவின் நரம்போடு சுற்றிக்கொண்டது. இருவரும் இழுத்தார்கள். சிக்கல் இன்னும் இறுகியது.

"போதும், திரும்பலாம்" என்றார் படகுக்காரம்மா. ஒரு கையில் எஞ்சினைப் பிடித்தபடியே அவர் வாலுவிடம் சொன்னார். "ரெண்டையும் சேர்த்து இழுக்காதே, எஞ்சின் விசிறியில போய் மாட்டும். ஒண்ணை வெட்டிவிடு, இன்னொண்ணை இழு. எதை வேணாலும் வெட்டு. சீக்கிரம்."

படகின் ஓரத்தில் கயிறு கட்டி ஒரு கத்தரிக்கோல் தொங்கியது. கடலில் விழாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. வாலு அதை எடுத்தாள். குனிந்து, இன்னொரு கையால் சிக்கலைத் தூக்கிப் பிடித்தாள்.

அப்போது சிக்கல் அவள் உள்ளங்கையில் துடித்தது.

அலை இழுக்கும் இழுப்பு அல்ல அது. டக், டக் என்று யாரோ கீழேயிருந்து கதவைத் தட்டுவதுபோல இருந்தது. மீன். வாலு எத்தனை வருடமாகக் காத்திருந்த மீன்.

விரல்களை விரித்துப் பார்த்தாள். சிக்கலுக்குள்ளேயே ஒரு முள் மாட்டியிருந்தது. இறால் துண்டு கடிபடாமல் அப்படியே இருந்தது. அந்த முள் எங்கிருந்து வருகிறது என்று நரம்பைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சிவப்பு மூடி பாட்டிலுக்குப் போனது. அவளுடைய முள் இங்கே இருக்கிறது. அப்படியென்றால் கீழே தண்ணீருக்குள் போகிற ஒரே நரம்பு புதுப்பையனுடையது. மீனும் அவனுடையதுதான்.

வேறு யாருக்கும் இது தெரியாது. அவனுக்கே தெரியாது.

சிக்கலுக்கு மேலே அவன் நரம்பை வெட்டிவிட்டால் போதும். அவள் தன் நரம்பை இழுப்பாள். சிக்கலோடு சேர்ந்து மீனும் மேலே வரும். பார்க்கிறவர்களுக்கு அது வாலு பிடித்த மீன். முதல் மீன். எதை வேணாலும் வெட்டு என்று படகுக்காரம்மாவே சொல்லிவிட்டார்.

கத்தரிக்கோலின் வாயைத் திறந்து அவன் நரம்பில் வைத்தாள்.

புதுப்பையன் அதைப் பார்த்தான். அவன் கோபப்படவில்லை. "என்னோடதையே வெட்டிடு" என்றான். "நீதான் வருஷம் பூரா இதுக்காகக் காத்திருப்பியாம். சித்தப்பா சொன்னாரு."

இப்போது அவனும் சொல்லிவிட்டான். வெட்டினால் ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் வாலுவுக்குத் தாங்கவில்லை. அவன் சண்டை போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருப்பாள். தனக்கு மீன் மாட்டியிருப்பது தெரியாமலேயே அதைத் தூக்கிக் கொடுக்கிறானே, இவனை என்ன செய்வது? போயும் போயும் இவன் ஏன் நல்லவனாக இருந்து தொலைக்கிறான்?

கத்தரிக்கோல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு நகர்ந்தது. வாலு தன் நரம்பை வெட்டினாள்.

"உன் தூண்டில்ல மீன் இருக்கு" என்றாள். குரல் வெடுக்கென்றுதான் வந்தது. "முழிச்சிட்டு நிக்காதே. பாட்டிலைப் பிடி. மெதுவா இழு."

அவன் இழுத்தான். வாலுவும் கூடப் பிடித்தாள். சிக்கல் மேலே வந்தது, அதற்குப் பிறகு வெறும் நரம்பு, அதற்குப் பிறகு வெள்ளியாக மின்னிக்கொண்டு மீன். திமிங்கிலம் அளவுக்கு எதிர்பார்த்த வாலுவுக்குச் சப்பென்று போய்விட்டது. அது அவள் உள்ளங்கை நீளம்கூட இல்லை.

படகுக்காரம்மா மீனை முள்ளிலிருந்து எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு இன்னும் பள்ளிக்கூடம் போற வயசுகூட ஆகலை. விட்டுடலாம்" என்றார். மீன் தண்ணீருக்குப் போனது. படகுக்காரம்மா நங்கூரத்தைத் தூக்கினார், எஞ்சின் உறுமியது. படகு கரையை நோக்கித் திரும்பியது.

புதுப்பையன் முன்பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். வாலு ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள்.

"அது என்னோட மீன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

வாலு சிக்கலை எடுத்துக் காட்டினாள். அவளுடைய முள்ளும் கடிபடாத இறால் துண்டும் அதற்குள்ளே இருந்தன. அவன் அந்த இறாலை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதனாலதான் சொல்றதுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு" என்றாள் வாலு. சொல்லி முடித்ததும் வயிற்றிலிருந்த எரிச்சல் பாதி அடங்கினாற்போல இருந்தது. மீதிப் பாதியையும் கேட்டுத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. "கேப்டன் பட்டம் இனிமே உனக்குத்தானா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்குக் கடல்னாலே பயம். காலையில வரவே மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்பதான் சித்தப்பா என்னை கேப்டன்னு கூப்பிட ஆரம்பிச்சாரு. விசிலும் அதுக்குத்தான் கொடுத்தாரு. உன்னையும் அப்படித்தான் கூப்பிட ஆரம்பிச்சாராம். முதல் தடவை படகைப் பார்த்து நீ படகுத்துறைத் தூணைக் கட்டிப்பிடிச்சுட்டு அழுதியாமே?"

"நான் ஒண்ணும் அழலை" என்றாள் வாலு.

ஆனால் யோசித்தபோது ஒரு தூண் ஞாபகத்துக்கு வந்தது. வழவழவென்று, ஈரமாக. அதற்குப் பக்கத்தில் மாமா முட்டி போட்டு உட்கார்ந்து, வாங்க கேப்டன், நீங்க இல்லாம படகு கிளம்பாது என்று கெஞ்சியதும் ஞாபகத்துக்கு வந்தது. இன்று அவள் தூணையே பார்க்கவில்லை. கையைப் பிடிக்க ஆள் இல்லாமலேயே படகில் ஏறியிருந்தாள். அதை நினைத்துப் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. எல்லோர் மேலும் தண்ணீர் அடித்தது. வாலு திரும்பிப் பார்த்தாள். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தண்ணிபட்ட பாடு என்று சொன்ன அதே வாயால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வாலு புதுப்பையனைப் பார்த்தாள். புதுப்பையன் வாலுவைப் பார்த்தான். இருவருக்கும் ஒன்றாகவே புரிந்தது. அவன் தன் லைஃப் ஜாக்கெட்டிலிருந்து விசிலைக் கழற்றிக் கொடுத்தான். வாலு பலகையைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், அதை மாமாவின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"பயப்படாதீங்க கேப்டன்" என்றாள். "கரை வந்தாச்சு."

அதுவரை சிரிக்காத படகுக்காரம்மா முதன்முறையாக, கரையில் செருப்புக்குக் காவல் நின்ற அத்தைக்கே கேட்கும்படி சிரித்தார்.