ஆறாவது மாடி ஒழுக்கு

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ரோகிணிக்கு முதலில் உறைத்தது அதுதான். பாத்திரம் கழுவும் மெஷினை நேற்று ராத்திரியோடு நிறுத்தியாச்சு, காலையிலிருந்து யாரும் ஸ்விட்சில் கை வைக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு அதன் முன்னால் தேங்கிக் கிடந்த தண்ணீர், பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த பக்குவத்தில் காலில் பட்டது. சோப்பு வாசனையும் இல்லை, சாம்பார் வாசனையும் இல்லை. தலைக்கு ஊற்றிவிட்டுத் துவட்டாமல் விட்ட குழந்தையின் ஈரத்தலை வாசனை வந்தது. மூன்றாவது தடவையாகத் துணியைப் போட்டுத் துடைத்தாள்.

மெஷின் இவர்களுடையது இல்லை. செகந்திராபாத் பக்கம் உப்பலில் இந்த ஆறாவது மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தபோது சமையலறையோடு சேர்ந்து வந்தது. "தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கக் கூடாதுட்டி" என்று சிரித்தவன் புருஷன் வேணுகோபால். அவனுக்கென்ன, ஆபீஸ் வேலை என்று விசாகப்பட்டினம் போய் உட்கார்ந்துகொண்டான், செவ்வாய்க்கிழமைதான் வருவான். துடைக்கிறவளுக்குத்தானே இடுப்பு நோவு.

படுக்கையறையில் ஹர்ஷிதா படம் வரைந்துகொண்டிருந்தாள். ஆறு வயசு. பாளையங்கோட்டையிலிருந்து இவர்கள் இங்கே வந்தபோது கைக்குழந்தை. தமிழ் எல்லாம் விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் தெலுங்குதான். "சாப்பிட வாட்டி" என்றால் "ஒஸ்துன்னா" என்று பதில் வரும், "போதுமாட்டி" என்றால் "சாலு" என்று வரும். பெற்ற பிள்ளையோடு பேசும்போது யாரோ வீட்டுப் பிள்ளையோடு பேசுகிற ஏக்கம் ரோகிணிக்கு. தானும் தெலுங்கில் பேசிவிட்டால் இருக்கிற தமிழும் போய்விடும் என்று பயந்து, கடைக்காரனிடம் பேசுகிற தெலுங்கைக்கூட அவள் மகளிடம் பேசியதே கிடையாது. எத்தனையோ ராத்திரி அதை நினைத்து அழுதிருக்கிறாள்.

மெக்கானிக் முகமது யூசுப்புக்குப் போன் போட்டாள். சனத்நகரில் பட்டறை வைத்திருப்பவர், செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம்.

"அக்கா, டென்ஷன் நக்கோ, பதறாதீங்க," என்றார். "கையால தேய்க்கிற சோப்பு ஊத்தினீங்களா? நுரை பொங்கி ஒழுகும்."

"இல்லங்க. அதுக்குன்னு விக்கிற மாத்திரதான் போடுதேன்."

"கதவோரம் ரப்பர் ஓடுது பாருங்க, விரல் விட்டுப் பாருங்க. கிழிஞ்சிருக்கா?"

பார்த்தாள். கிழியவில்லை. அடியில் இருந்த சல்லடையைக் கழற்றிப் பார்த்தாள், ஒரு பருக்கைகூட இல்லை. பின்னால் கைவிட்டுக் குழாய் மூட்டைத் தடவினாள், சருகாய்க் காய்ந்திருந்தது.

"தண்ணி வர்ற குழாயை மூடிடுங்க. தரை பூரா பழைய பேப்பர் விரிங்க. எந்தப் பேப்பர் முதல்ல நனையுதோ அங்கதான் ஓட்டை. நான் அஞ்சு மணிக்கு வரேன்."

குழாயை இறுக்கி மூடிவிட்டுப் பேப்பரை விரித்தாள். மெஷினுக்கு அடியில், முன்னால், சமையலறை வாசல் வரைக்கும். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே மழை மேகம் இறங்கிப் பட்டப்பகலிலேயே வீடு இருட்டிக்கொண்டு வந்தது, லிஃப்ட் எங்கோ கீழே முனகி நின்றது, ஃபிரிட்ஜ் ஒரு தடவை உதறிவிட்டு ஓய்ந்தது, அந்த ஓய்ச்சலுக்குள் பேப்பர் ஈரத்தை உறிஞ்சும் சின்னச் சத்தம், பொட்டு, பொட்டு என்று, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி விட்டு, அவளைத் தாண்டிப் போனது.

விளக்கைப் போட்டாள்.

மெஷினுக்கு அடியில் விரித்த பேப்பர் காய்ந்து கிடந்தது. முன்னால் விரித்தவைதான் நனைந்திருந்தன. முழுசாக இல்லை. சின்னச் சின்னப் பாதங்களாக. மெஷின் கதவிலிருந்து புறப்பட்டு வாசல் வரைக்கும், விரல்கள் எல்லாம் படுக்கையறைப் பக்கம் பார்த்து. போன தடம் இருந்தது. வந்த தடம் இல்லை.

நெஞ்சு ஒரு தடவை திக்கென்றது. மறுநிமிஷமே கோபம் வந்தது. அடச்சீ, இவ்வளவு நேரமும் இந்தக் குட்டிதான் தண்ணீரில் ஆடியிருக்கிறது!

"ஏட்டி ஹர்ஷி! தண்ணில வெளையாண்டியா நீ?"

"இல்லம்மா. நான் வெளையாடவே இல்ல."

ரோகிணிக்குக் கையிலிருந்த துணி நழுவியது. தமிழ். அட்சரம் பிசகாத தமிழ், அதுவும் திருநெல்வேலித் தமிழ். பாதத் தடமும் மறந்தது, ஒழுக்கும் மறந்தது. கண்ணில் தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னட்டி சொன்ன? இன்னொருக்கா சொல்லு!"

"நான் இங்கனதாம்மா இருந்தேன். ஒங்ககிட்ட வரட்டா?"

"அதுக்கு என்னட்டி கேள்வி? வா, என் ராசாத்தி, வா!"

படுக்கையறையில் கிரேயான் டப்பா கீழே விழுந்து சிதறியது. ஒரு குழந்தை ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திய மாதிரியும் இருந்தது. அதற்குள் ஹர்ஷிதா ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அதே கண், அதே உடைந்த முன்பல், அதே மஞ்சள் கவுன். ரோகிணி அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். கன்னம் சில்லென்று இருந்தது. மழைக் குளிர்தான் என்று நினைத்தாள்.

அப்புறம் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளை தயிர்சாதம் தின்றுகொண்டே கதை சொன்னாள். இங்கன, அங்கன, வேகமா வாங்க, வெரசா வாங்க. ரோகிணியே மறந்துபோயிருந்த சொல்லெல்லாம் அந்த வாயில் வந்தது. யார் சொல்லிக் கொடுத்தா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அஞ்சு மணிக்கு யூசுப் வந்தார். மெஷினை வெளியே இழுத்தார், டார்ச் அடித்தார், படுத்துக்கொண்டு பார்த்தார்.

"கோளாறே இல்ல அக்கா. எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?" என்று சிரித்தார். "சரி, காலியா ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துடுவோம். பத்து நிமிஷத்துல முதல் தண்ணிய வெளிய தள்ளும். அதுவரைக்கும் ஒழுகலேன்னா நான் கிளம்பறேன்."

குழாயைத் திறந்து, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினார். உள்ளே தண்ணீர் நிரம்பியது. தண்ணீர் பீய்ச்சும் கைகள் சுழன்று தகரத்தில் அறைந்தன. சளார். சளார். ரோகிணி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள்.

சளாருக்கு நடுவே ஒரு தட்டல். உள்ளிருந்து. சின்னக் கை.

"அம்மா..."

யூசுப் அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தது.

"அம்மா, தலுப்பு திய்யி."

கதவைத் திற. ஹர்ஷிதாவின் குரல். அவளுடைய தெலுங்கு.

ரோகிணி கதவைப் பிடுங்கித் திறந்தாள். ஆவி. வெறும் கம்பித் தட்டுகள். சுழன்று நின்ற பீய்ச்சுக் கை. யாரும் இல்லை. சத்தமும் இல்லை. "ஹர்ஷி!" என்று உள்ளே தலையை விட்டுக் கத்தினாள். தகரம் அவள் குரலையே திருப்பித் தந்தது.

கதவைச் சாத்தினாள். மெஷின் ஓடியது.

"அம்மா, நீள்ளு... நீள்ளு ஒஸ்துன்னாய்..."

தண்ணி வருது. தண்ணி ஏறுது. திறந்தாள். இல்லை. சாத்தினாள். குரல். இப்போது மூச்சுத் திணறியது.

"யா அல்லா," என்று யூசுப் பிளக்கைப் பிடுங்கினார். குரல் கத்தரித்த மாதிரி நின்றது.

"போடுங்க! ஐயோ, திரும்பப் போடுங்க, எம்பிள்ள போயிரும்!"

பிளக்கைத் திரும்ப மாட்டினார். ஓடியது. குரல் வந்தது. ஓடினால் முங்குகிறாள், நிறுத்தினால் இல்லாமல் போகிறாள். "ஆளக் கூட்டிட்டு வரேன் அக்கா," என்று யூசுப் படிக்கட்டைப் பார்த்து ஓடினார்.

ரோகிணி இடுப்பில் இருந்ததை உதறினாள். அது இறங்கவில்லை. கால்கள் அவள் இடுப்பைச் சுற்றி இறுகின. ஈரமாக. முழங்கால் போட்டாள். கன்னத்தைக் கதவில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுதது, அம்மா பதிலே சொல்லவில்லையே என்று. பதில் சொல்ல வேண்டும். அவள் பேசுகிற மாதிரி. அவள் பாஷையில்.

"ஒஸ்துன்னா கன்னா," என்றாள் ரோகிணி, மகளிடம் வாழ்நாளில் முதல்முறையாகத் தெலுங்கில். "அம்மா ஒஸ்து..."

சில்லென்ற சின்னக் கை வந்து அவள் வாயைப் பொத்தியது.

கடித்தாள். கை அசையவில்லை. மெஷின் ஒரு கணம் நின்றது. அடியில் மோட்டார் உறுமியது. முதல் தண்ணீரை வெளியே தள்ள ஆரம்பித்தது.

"அம்மா!" குரல் கதவுக்குப் பின்னால் இல்லை. அடியில்.

"அம்மா!" பின்குழாயில். சுவருக்குள்.

ரோகிணி தவழ்ந்து போய்ச் சுவரில் காதை ஒட்டினாள். வாய் மேல் அந்தக் கை அப்படியே. அதன் இன்னொரு கை அவள் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது, தூங்கவைக்கிற மாதிரி.

ஐந்தாவது மாடி. அம்மா.

நாலு. மூணு.

ரெண்டாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து, யாருடைய பிள்ளை என்று தெலுங்கில் கேட்டார்கள்.

ஒண்ணு.

பிறகு மண்ணுக்கடியில், ரொம்ப தூரத்தில். அப்போதும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.